வைக்கோல் வண்டி உயரம்

பாலத்து வரலாற்றுக்காரர் என்று ஓர் இனம் உண்டு. கூரை போட்ட மரப்பாலம் எங்கே இருந்தாலும் பக்கத்திலேயே ஒருவர் இருப்பார். அமெரிக்காவில், வெர்மான்ட் மாநிலத்தில் எங்கள் ஊருக்கு வாய்த்தவர் எல்வுட் பார்ட்லெட். பார்த்திருப்பீர்களே? வெளியூர்க் கார் ஏதாவது வேகத்தைக் குறைக்காதா என்று பாலத்து வாயிலிலேயே நிற்பார். குறைத்தால் தீர்ந்தது.

"பாலத்துக்கு எதுக்குங்க கூரை? குதிரை மிரளாம இருக்கவா?"

இந்தக் கேள்விக்காகத்தானே காலையிலிருந்து காத்திருக்கிறார்! "குதிரையாவது கழுதையாவது! அடிமரம் நனையக் கூடாதுன்னு போட்டதுங்க" என்று ஆரம்பித்து, ஆப்பு, அதை அடித்த தச்சன், அந்தத் தச்சனின் இரண்டாவது மனைவி, அவளுடைய அண்ணன் என்று போய்க்கொண்டே இருப்பார். பின்னால் ஆறு கார் ஹாரன் அடிக்கும். அவருக்குக் கேட்காது.

வெள்ளம் அந்தப் பாலத்தை அடித்துக்கொண்டு போன அன்று கரையில் நின்று அழுதார் மனிதர். அதை நினைத்தால் மட்டும் எனக்குச் சிரிப்பு வருவதில்லை.

மார்ச் மாத ஊர்க்கூட்டத்தில் பொறியாளர், அதே இடத்தில் கட்டப்போகும் புதுப் பாலத்தின் கூரையை ஓரடி உயர்த்தலாம் என்றார். எல்வுட் எழுந்தார்.

"வைக்கோல் ஏத்தின வண்டியை அளந்து கட்டின பாலம்யா இது! பன்னிரண்டரை அடி. ஒரு அங்குலம் கூடினாலும் அது பாலமில்ல, மாட்டுக் கொட்டகை!"

நாற்பது நிமிடம் பேசினார். பக்கத்து அறையில் மதியச் சாப்பாட்டு பீன்ஸ் ஆறிக்கொண்டிருந்தது. "சரி!" என்று ஊரே கத்தியது.

திறப்பு விழாவில் முதல் ஆளாய்ப் பாலத்தைக் கடக்கும் உரிமை அவருக்கு. வாழ்நாள் ஆசை! வண்டியில் பன்னிரண்டரை அடிக்கு வைக்கோல் ஏற்றி, மூன்று முறை அளந்து பார்த்து, உச்சியில் நாற்காலி போட்டு உட்கார்ந்தார். தன்னை அளக்கவில்லை.

அவரோடு ஒரே வகுப்பில் படித்த கொரின் என்பவள்தான் வண்டியை இழுத்த டிராக்டரை ஓட்டினாள். வாயிலில் பிரேக் போட்டாள்.

"எல்வுட், எறங்குய்யா. தல போயிடும்."

"வைக்கோல் போகுமா?"

"வைக்கோல் போகும். நீதான் போகமாட்டே. மேல நாலு வைக்கோல் கட்டைத் தள்ளிட்டு உக்காரு."

"தள்ளவா? அப்புறம் அது பன்னிரண்டரை ஆகுமாடி?"

இறங்கிவிட்டார். வைக்கோல் முதலில் கடந்தது. பிறகு பேண்டு வாத்தியம், பிள்ளைகள், இரண்டு நாய்கள். கடைசியாக அவர், கண்ணைத் துடைத்துக்கொண்டு, "உரசவே இல்ல, பாத்தீங்களா!" என்று எல்லோரிடமும் கூவியபடி.

சிரிக்கிறீர்களா? சிரியுங்கள். ஆனால் 'பன்னிரண்டரை அடி என்றால், சக்கரத்தையும் சேர்த்தா?' என்று இந்நேரம் மனதுக்குள் கேட்டவர் யாராவது இருந்தால், ஒரு தகவல்: எங்கள் பாலத்தின் அந்தப் பக்க வாயில் நிற்க ஆளில்லாமல் இன்னும் காலியாகத்தான் இருக்கிறது.