படிக்காமல் போட்ட கையெழுத்து

பெருமதிப்பிற்குரிய அக்காவுக்கு,

உங்கள் தம்பி வணக்கத்துடன் எழுதுவது. இங்கே அனைவரும் நலம் என்று எழுதத்தான் பேனாவை எடுத்தேன், ஆனால் அது பொய்யாகிவிடும். அத்தானுக்கு முழங்கால் வலி குறைந்திருக்கும் என்று நம்புகிறேன். நீங்கள் வியாழக்கிழமைக்குள் புறப்பட்டு வந்து என் மகளை நாடகத்திலிருந்து மீட்க வேண்டும்.

பள்ளியின் கடைசி இரண்டு வருடத்துக்கு வேதியியலை விட்டுவிட்டு அவள் நாடகப் பாடத்தை எடுத்தபோதே எச்சரித்தீர்கள். நான்தான், ‘சும்மா ரெண்டு வேஷம் கட்டுவா, மார்க் வந்துடும்க்கா’ என்று சமாதானம் சொன்னேன். இவர்கள் வேஷமே கட்டுவதில்லை அக்கா! நிஜ மனிதர்களிடம் பேட்டி எடுத்து, இருமல் தும்மல் உட்பட ஒரு எழுத்துப் பிசகாமல் அப்படியே மேடையில் பேச வேண்டுமாம். அதற்கு ஒரு பரீட்சை, அதைப் பார்க்க வெளியிலிருந்து ஒரு தேர்வாளர்.

போன மாதம் நான் சவரம் செய்துகொண்டிருந்தபோது ஒரு தாளை நீட்டினாள். ‘அப்பா, உங்க வேலையப் பத்திப் பேசணும், பதிவு பண்ணிக்கறேன். இதுல ஒரு கையெழுத்து.’ போட்டேன். காப்பீட்டு அலுவலகத்தில் இருபத்தாறு வருடமாக, ‘படிச்சுப் பாக்காம கையெழுத்துப் போட்டா நாங்க என்னங்க பண்ண முடியும்?’ என்று எத்தனையோ பேரைத் திருப்பி அனுப்பியவன், முகத்தில் நுரையோடு போட்டேன். பதிவாகும் எதையும் பயன்படுத்தலாம் என்று அதில் இருந்ததாம். அரை மணி நேரம் பேசினேன். கைப்பேசியை மேசையிலேயே வைத்துவிட்டு அவள் தண்ணீர் குடிக்க எழுந்து போனாள். அது அணைந்துவிட்டது என்று நினைத்து என் மனைவியிடம் மனம்விட்டு நாலு வார்த்தை பேசித் தொலைத்தேன்.

நேற்று மாலை பரீட்சை. முதல் வரிசையில் நான், என் மனைவி, பக்கத்தில் என் மேலாளர். அவரை நானே வருந்தி அழைத்துப் போயிருந்தேன், என் புத்தியைச் செருப்பால் அடிக்க வேண்டும். மேடையில் ஒரே ஒரு நாற்காலி. மகள் வந்து உட்கார்ந்தாள், கால்மேல் கால் போட்டாள், இல்லாத கண்ணாடியைக் கழற்றிச் சட்டை நுனியில் துடைத்தாள், ‘க்கும்’ என்று தொண்டையைச் செருமினாள். அது நான்! ‘படிச்சுப் பாக்காம’ என்று ஆரம்பித்ததுமே மேலாளர் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். நானும் அசடு வழியச் சிரித்தேன். அப்புறம் அவள் வாயைக் கையால் மறைத்துக்கொண்டு குரலைத் தாழ்த்தினாள்.

‘அவகிட்ட சொல்லிடாத. நம்ம பொண்ணுக்கு நடிப்பு சுத்தமா வராது. மரக்கட்டை. நல்லா இருக்கு, நல்லா இருக்குன்னு சொல்லி எனக்கு வாய் வலிக்குது. அக்கா சொன்னப்பவே கேட்டிருக்கணும். க்கும்.’

அரங்கமே கைதட்டியது அக்கா. அச்சு அசல் நான். அவள் கண்ணில் நீர் தளும்பியது, குரலில் ஒரு பிசிறு இல்லை. ஒரு மாதமாக அந்த வார்த்தைகளைக் கேட்டுக் கேட்டுப் பழகியிருக்கிறாள். அந்த ஒரு மாதமும் என் எதிரில் உட்கார்ந்து சாப்பிட்டிருக்கிறாள், மூச்சு விடவில்லை. அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை. வெளியே வந்ததும், ‘எப்படி இருந்துச்சுப்பா?’ என்றாள். ‘க்கும்’ என்றேன்.

அடுத்த வருடம் பாடத்தை மாற்ற வெள்ளிக்கிழமைக்குள் படிவம் கொடுக்க வேண்டும். இனி இந்த வீட்டில் நான் வாயைத் திறக்க முடியாது. நீங்கள் சொன்னால் கேட்பாள், வந்துவிடுங்கள்.

அத்தானுக்கு என் வணக்கங்கள். பிள்ளைகள் நன்றாக இருக்கட்டும்.

இப்படிக்கு,
திகைத்துப்போன தம்பி

பின்குறிப்பு: வர வேண்டாம். உறையை ஒட்டுவதற்கு முன் படிவத்தை எடுத்து, இந்த முறை முழுவதும் படித்தேன். கிழித்துப் போட்டேன். ‘மரக்கட்டை நான்தாம்மா’ என்று அவளிடமே போய்ச் சொன்னேன். ‘இன்னொரு தடவ சொல்லுங்கப்பா, பதிவு பண்ணிக்கறேன்’ என்றாள். அடுத்த வருடம் யாரை நடிக்கப் போகிறாய் என்று கேட்டால் சிரிக்கிறாள். போன வாரம் உங்களைக் கைப்பேசியில் கூப்பிட்டு, ‘அத்தை, அத்தை’ என்று ஒரு மணி நேரம் ஆசையாகப் பேசினாளாமே? அதற்கு முன்னால் ஒரு தாள் அனுப்பி, நீங்கள் கையெழுத்துப் போட்டுத் திருப்பி அனுப்பினீர்களாமே? படித்துப் பார்த்தீர்களா அக்கா? அத்தானைப் பற்றி ஒன்றும் சொல்லிவிடவில்லையே?