ஸ்ப்ரே கன்னும் ஆஷாடக் காற்றும்

புது மாப்பிள்ளை கையில் எந்தக் கருவியையும் கொடுக்கக் கூடாது. மூளை லீவில் இருக்கும் பருவம் அது. (எனக்கு அந்தப் பருவம் இன்னும் முடியவில்லை என்பது என் மனைவி சுமதியின் கட்சி.)

மைசூர்த் தமிழனுக்குக் கல்யாணமானால் தண்டனை இரட்டிப்பு. ஊர் வழக்கப்படி, கன்னடர்களின் ஆஷாட மாதத்தில் மாமியாரும் புது மருமகளும் ஒரே கூரையின் கீழ் இருக்கக் கூடாது. அது முடிவதற்குள் நம்முடைய ஆடி வந்து நிற்கும். இரண்டுக்கும் சேர்த்து சுமதியை நஞ்சன்கூட்டில் இருக்கும் அவள் பிறந்த வீட்டுக்கு அழைத்துப் போய்விட்டார்கள். கிளம்பும்போது, பாசி படிந்த எங்கள் வெளிச்சுவரைப் பார்த்து, "சந்தனக் கலர் அடிச்சா நல்லா இருக்கும்ல?" என்றாள். போதாதா? அவள் திரும்பி வந்து அசந்து நிற்க வேண்டும் என்று முடிவு செய்தேன்.

மண்டி மொஹல்லா பெயின்ட் கடையில் பிரஷ், ரோலர், ஸ்ப்ரே கன் மூன்றும் இருந்தன. ஸ்ப்ரே கன்தான் துப்பாக்கி மாதிரி இருந்தது. அதையே வாடகைக்கு எடுத்தேன்.

"ஆஷாடக் காத்து ஆளையே தூக்குது. ரோலர் வாங்காம இது எதுக்குடா?" என்றாள் அம்மா.

"ரோலர்ல அடிச்சா தீபாவளி வந்துடும்மா. இதுல சாயங்காலமே முடிஞ்சிடும்."

அவசரத்தில் பாசியைச் சுரண்டவில்லை, ப்ரைமரும் அடிக்கவில்லை. ஏணியில் ஏறி விசையை அழுத்தினேன். பாதிச் சந்தனம் சுவருக்குப் போனது. மீதி முருங்கை மரத்துக்கும், கொடியில் காய்ந்த என் ஆபீஸ் சட்டைகளுக்கும் போனது.

"மாப்பிள்ளே!"

ஆஷாட வெள்ளிக்கிழமை. சாமுண்டி மலையில் தரிசனம் முடித்து, மாமனாரும் சுமதியும் கேட் வாசலில் நின்றார்கள். அவளைப் பார்த்த சந்தோஷத்தில் சட்டென்று திரும்பினேன். கன்னும் கூடவே திரும்பியது. விரல் மட்டும் விசையை விடவில்லை. மிச்சத்தைக் காற்று பார்த்துக்கொண்டது. மாமனாரின் வெள்ளை வேட்டி, சட்டை, மீசை எல்லாம் சந்தன மயம்.

"உள்ள வாங்க சம்பந்தி, குளிச்சிடுங்க" என்று அம்மா அவரை அழைத்துப் போனாள். சுமதி கேட்டிலேயே நின்று, பெயின்ட் வழிந்து திட்டுத்திட்டாக நின்ற சுவரைப் பார்த்தாள். எனக்கு அழுகையே வந்துவிட்டது.

"குழந்தை கக்கின மாதிரி இருக்கு" என்றாள். பிறகு சிரிக்க ஆரம்பித்தவள் நிறுத்தவே இல்லை. "ரோலர் வாங்கி வைங்க. நாளைக்கு நானே வந்து அடிக்கறேன்."

"ஆஷாடம்?" என்றேன்.

வாசலுக்கு வந்த அம்மா கொஞ்சம் யோசித்தாள். "வெளிச்சுவர் வெளியிலதானே இருக்கு? கூரைக்குக் கீழ இல்லையே."

மறுநாளிலிருந்து சுமதி நஞ்சன்கூடு ரயிலில் வந்து போனாள். பாசியைச் சுரண்டினோம், ப்ரைமர் அடித்தோம், ரோலரை மேலும் கீழுமாக உருட்டினோம். அம்மா ஜன்னல் வழியாகக் காபி நீட்டுவாள். சாயங்காலமே முடிக்கப் பார்த்த நான், சுவர் முடிந்துவிடக் கூடாதே என்று சாமுண்டியை வேண்டிக்கொண்டேன்.

இன்றும் எங்கள் உறவில் யாருக்குக் கல்யாணமானாலும், மாமனார் மேடையேறி மாப்பிள்ளை கையில் ஒரு ரோலரைக் கொடுக்கிறார்.

"ஆஷாடத்துக்கு உதவும், மாப்பிள்ளே. ஸ்வல்ப நிதானமாவே அடிங்க."