வலி உள்ளவர்கள் கை தூக்கலாம்

மனித குலம் முதலில் நெருப்பைக் கண்டது. பிறகு சக்கரத்தைக் கண்டது. மூன்றாவதாக, சென்ற ஆண்டு ஆடி மாதத்தில், பேளுக்குறிச்சி ஸ்ரீ பொன்னாச்சி பஸ் சர்வீஸின் உரிமையாளர் பூபதி, திரும்பத் திரும்ப ஒரே வேலையைச் செய்தால் கை வலிக்கும் என்பதைக் கண்டுபிடித்தார். முதல் இரண்டையும் கண்டவர்களின் பெயர் தெரியாமல் போய்விட்டது. மூன்றாமவருக்கு அந்தக் கதி வரக்கூடாது என்பதால்தான் இதைச் சொல்ல வேண்டியிருக்கிறது.

கண்டுபிடிப்பு நிகழ்ந்த இடம் அவருடைய சொந்தக் கட்டைவிரல். விடிந்ததும் நாற்பத்தாறு வாட்ஸ்அப் குழுக்களுக்குப் பூப்போட்ட காலை வணக்கம் அனுப்புவது அவர் வழக்கம். ஒரு நாள் முப்பத்தோராவது குழுவில் விரல் மடங்க மறுத்தது. சேலத்து டாக்டர் பார்த்துவிட்டு, உட்காரும் விதம், கை வைக்கும் உயரம், இடையிடையே ஓய்வு இவற்றைச் சரிசெய்தால் இந்த வலி வராமலே தடுக்கலாம் என்றார். பூபதி திடுக்கிட்டார். இப்படி ஒரு கொடுமை உலகில் நடப்பது ஐம்பத்திரண்டு வயது வரை அவருக்குத் தெரியாது.

மாதேஸ்வரனுக்கு எட்டு மாதமாகத் தெரியும். பொன்னாச்சியின் மலை வண்டிக்கு அவர்தான் டிரைவர். அடிவாரத்திலிருந்து கொல்லிமலை ஏற எழுபது கொண்டை ஊசி வளைவு. நாளைக்கு இரண்டு முறை ஏறி இரண்டு முறை இறங்கினால் இருநூற்றெண்பது. வண்டிக்கு வயது பத்தொன்பது. அதன் ஸ்டியரிங்கைத் திருப்புவது கிணற்றில் விழுந்த எருமையை இழுப்பது போல. அவருடைய வலது தோள் முதலில் முணுமுணுத்தது, பிறகு சத்தம் போட்டது, கடைசியில் வேலைநிறுத்தமே செய்துவிட்டது. கை நெஞ்சுக்கு மேல் எழவில்லை. இடது கை எட்டிய வரைக்கும் தலை சீவினார். மிச்சத்தை மனைவி கலைச்செல்வி, அடுப்பு வேலை முடிந்த நாட்களில் சீவிவிட்டாள்.

அவர் கேட்டது ஒன்றே ஒன்றுதான். கம்பெனியில் பவர் ஸ்டியரிங் வைத்த புது வண்டி ஒன்று இருந்தது. அது ராசிபுரத்துக்குப் போகும் நேர் ரோட்டில் ஓடியது. அந்த வண்டியை ஒரு கையால் ஓட்டிக்கொண்டே மறு கையால் கடலை உரிக்கலாம் என்று அதன் டிரைவரே சொல்லியிருக்கிறார்.

"அந்த வண்டிய மலைக்கு உடுங்க, இதையக் கீழ ஓட்டிக்கலாமுங்க" என்றார் மாதேஸ்வரன்.

"புது வண்டி வளைவுல ஒரசி பெயிண்ட் போயிருமே மாதேசு."

"தோளே போயிருச்சுங்களே."

"அதுக்குத்தானப்பா நிபுணர் வாராரு" என்றார் பூபதி.

கோயம்புத்தூரிலிருந்து நிபுணர் வந்தார். பெயர் கவின். வெள்ளை ஷூ, முழங்கையின் கோணத்தை அளக்க ஒரு கருவி. வந்த அன்றே 'கைவலித் தடுப்புக் குழு' அமைந்தது. தலைவர் பூபதி. செயலாளர் மலை வண்டியின் கண்டக்டர் அர்த்தனாரி. கம்பெனியில் காதில் பேனா வைத்திருந்த ஒரே ஆள் அவர்தான். குழுவின் முதல் நடவடிக்கை மின்னல் வேகத்தில் முடிந்தது. பதினோரு பிடிகள் கொண்ட நாற்காலி ஒன்று முதலாளிக்கு வாங்கப்பட்டது. ஒரு பிடியை இழுத்தால் முதலாளி மல்லாந்தார், இன்னொன்றை இழுத்தால் நிமிர்ந்தார். செல்போனுக்கு ஒரு தாங்கியும், கட்டைவிரலுக்கு ஒரு உறையும் வந்தன. நாற்பத்தாறு குழுக்களுக்கும் மறுபடி காலை வணக்கம் போய்ச் சேர்ந்தது. நாடு நிம்மதியாக மூச்சு விட்டது.

இரண்டாவது நடவடிக்கை, மலை வண்டியில் 'கள ஆய்வு'. கவின் எலுமிச்சம்பழத்துடன் ஏறினார். பத்தாவது வளைவு வரை டிரைவரின் கையைப் பார்த்துக் குறிப்பெடுத்தார். பதினோராவது வளைவில் எலுமிச்சையை மூக்கில் வைத்தார். பன்னிரண்டில் கண்ணை மூடினார். பக்கத்து சீட்டில் மயிலம்மாள் உட்கார்ந்திருந்தார். மலைமேல் பைல் நாடு என்ற ஊர்க்காரர். பேளுக்குறிச்சிச் சந்தையில் மிளகு விற்றுவிட்டுத் திரும்பிக்கொண்டிருந்தார்.

"மேடம், ஆய்வு... ஆய்வு பண்ணணும்" என்றார் கவின், எழ முயன்றபடி.

"கண்ணத் தொறந்தா கொடலு வெளிய வந்துரும் சாமி" என்று மயிலம்மாள் அவர் தலையைத் தன் காலிச் சாக்கின் மேல் சாய்த்துக்கொண்டார். "மூடிக்கிட்டே பண்ணு."

அப்படியே செய்தார். மீதி ஐம்பத்தெட்டு வளைவையும் கண்ணை மூடிக்கொண்டே ஆராய்ந்தார். பல பெரிய அறிக்கைகள் உருவாகும் முறை இதுதான் என்றாலும், வாந்தியோடு அதைச் செய்துமுடித்த நேர்மை இவருக்கே உரியது.

அறிக்கை அருமையாக வந்தது. எழுபது வளைவில் முப்பத்தைந்து வலப்பக்கம், முப்பத்தைந்து இடப்பக்கம். ஏறும்போது வலதாக இருப்பது இறங்கும்போது இடதாகிவிடுகிறது. ஆகவே ஒவ்வொரு திருப்பத்தையும் எதிர்த் திருப்பம் 'நேர்செய்துவிடுகிறது'. நாள் முடிவில் டிரைவரின் தோள் புறப்பட்ட இடத்துக்கே வந்து சேர்கிறது. நிகரச் சிரமம்: பூஜ்யம்.

"அப்ப எனக்கு வலிக்கறது என்னங்க?" என்று கேட்டார் மாதேஸ்வரன்.

"அது மொத்த வலிங்க. நாங்க கணக்குல எடுக்கறது நிகர வலி" என்றார் கவின் கனிவுடன்.

இருந்தாலும் கம்பெனி கல்நெஞ்சம் கொண்டதல்ல. இருபது நிமிடத்துக்கு ஒரு முறை டிரைவர் வண்டியை நிறுத்தி, மெத்தென்ற மஞ்சள் பந்து ஒன்றைப் பத்து முறை அமுக்கி ஓய்வெடுக்க வேண்டும் என்று விதி செய்தார்கள். விதியில் நிமிடம் இருந்தது, வளைவு இல்லை. மறுநாள் இருபதாவது நிமிடம் பத்தொன்பதாவது வளைவின் நட்டநடுவில் வந்தது. அர்த்தனாரி விசில் ஊதினார். வண்டி ரோட்டை அடைத்துக்கொண்டு நின்றது. பின்னால் செங்கல் லாரி, அதன் பின்னால் கல்யாண வேன், அதன் பின்னால் ஏழு பைக்.

லாரி டிரைவர் இறங்கி வந்தார். "பஞ்சருங்களா?"

"இல்லீங்க, ஓய்வு" என்றார் அர்த்தனாரி.

"யாருக்கு?"

"தோளுக்குங்க."

லாரி டிரைவர் சற்று யோசித்துவிட்டு, தனக்கும் தோள் இருப்பது நினைவுக்கு வர, அங்கேயே நின்று கையைச் சுழற்றினார். பஸ்ஸில் இருந்தவர்களும் சுழற்றினார்கள். வேனில் இருந்த மாப்பிள்ளை மாலையோடு சுழற்றினார். இந்தக் கோலாகலத்தில் ஒரு குரங்கு ஜன்னலில் கைவிட்டு மஞ்சள் பந்தைப் பறித்துக்கொண்டு மரமேறியது. கிளையில் உட்கார்ந்து நிதானமாக அமுக்கிப் பார்த்தது. அன்று குழுவின் பரிந்துரையை முழுமையாக நிறைவேற்றியது அந்தக் குரங்கு ஒன்றுதான். அர்த்தனாரி அதைப் பதிவேட்டில் எழுதினார்: "பயிற்சி நடைபெற்றது."

இத்தனை சாதனை வெளியுலகுக்குத் தெரியாமல் இருக்குமா. தென்மண்டலப் பணிநல மன்றம் என்ற அமைப்பு, கைவலியே இல்லாத கம்பெனிகளுக்குக் 'கைநலச் செம்மல்' என்ற விருது கொடுத்துவந்தது. நிபந்தனை ஒன்று உண்டு. விழாவில் தொழிலாளர்களிடம் வலி உண்டா என்று கேட்க வேண்டும். ஒரே ஒருவர் கை தூக்கினாலும் விருது கிடையாது. வலிக்குக் காரணமானதை ஏழு நாளில் மாற்றியும் ஆக வேண்டும்.

மாதேஸ்வரன் அந்த நிபந்தனையை மூன்று முறை படித்தார். காரணம் ஸ்டியரிங். மாற்று, புது வண்டி. நடுவில் இருப்பது ஒரு கை தூக்கல். விழா அன்று காலை கலைச்செல்வி அவருக்கு இரண்டு பக்கமும் தலை சீவிவிட்டாள். எட்டு மாதத்தில் முதல் தடவையாக அவருக்கு நம்பிக்கை பிறந்தது.

விழா மலைமேல் செம்மேட்டில், ஒரு கல்யாண மண்டபத்தில் நடந்தது. மன்றத்தின் தலைவர் குழந்தைசாமி பொன்னாடை கனத்தில் சற்றுக் குனிந்தபடி கேட்டார்: "கையில் வலி உள்ளவர்கள் கை தூக்கலாம்."

மாதேஸ்வரன் எழுந்தார். வலது கையைத் தூக்கினார். அது நெஞ்சு வரை வந்து நின்றுவிட்டது. அவர் வணக்கம் வைக்கிறார் என்று எண்ணி, குழந்தைசாமி மகிழ்ந்து பதில் வணக்கம் வைத்தார்.

மாதேஸ்வரன் பல்லைக் கடித்து இன்னொரு முறை தூக்கினார். நெஞ்சுதான். சட்டென்று இடது கையைத் தலைக்கு மேல் உயர்த்தினார்.

மண்டபம் அதிர்ந்தது. பூபதி மைக்கைப் பொத்திக்கொண்டு சொன்னார்: "மாதேசு, நல்ல காரியம் நடக்கற சபையில பீச்சாங்கையத் தூக்கலாமா? கீழ போடு."

"சோத்தாங்கை வர மாட்டேங்குதுங்க. அதையத்தான் சொல்ல வாரேன்."

"வாயால சொல்றது செல்லாதுங்க" என்றார் கவின், விதிப் புத்தகத்தைப் பார்த்து. "கைதான் தூக்கணும்."

மற்ற தொழிலாளர்கள் முதலாளியின் முகத்தைப் பார்த்துவிட்டுத் தங்கள் கால் கட்டைவிரலைப் பார்த்தார்கள். அர்த்தனாரியின் வலது கை எழுதிக்கொண்டிருந்தது. அது எழுதியது: "தூக்கிய கைகள்: இல்லை. ஏகமனதாக." கைதட்டல் எழுந்தது. மாதேஸ்வரனால் தட்டவும் முடியவில்லை. அழுகை வந்தது. அதையும் இடது கையால்தான் துடைத்தார்.

விருதுக்கு ஒரு புகைப்படம் பாக்கியிருந்தது: 'தொழிலாளர்களோடு முதலாளி பயணம்'. பூபதி தன் காரை முன்னால் அனுப்பிவிட்டு மலை வண்டியில் ஏறினார். இருபது வருடத்தில் முதல் தடவை. விருந்தினர்களும், சந்தைக்குப் புறப்பட்ட மயிலம்மாளும் ஏறினார்கள். முன்னால் உட்கார்ந்தால் குமட்டாது என்று மயிலம்மாள் சொல்லியிருந்ததால், கவின் முதல் சீட்டில், கண்ணைத் திறந்து உட்கார்ந்தார். பக்கத்தில் கேடயத்தோடு பூபதி.

வண்டி எழுபதாவது வளைவில் இறங்கியது. மாதேஸ்வரன் எட்டு மாதமாக ஓட்டுவது போலவே ஓட்டினார். வலது கை மடியில். இடது கை ஸ்டியரிங்கைப் பாதி வரை இழுக்கும். பிறகு விட்டுவிட்டு, தாவி மறுபக்கம் பிடிக்கும். நடுவில் ஒரு கணம். அந்தக் கணத்தில் வண்டியை யார் ஓட்டுகிறார் என்பது இன்று வரை ஆய்வுக்குரியது.

"மாதேசு," என்றார் பூபதி மெதுவாக, "கைய உட்டுட்ட."

"ஆமாங்க. மறுபடியும் புடிச்சுட்டனுங்களே."

"சோத்தாங்கையும் வைப்பா."

"அதுக்கு வலி இல்லைன்னு இப்பத்தானுங்க ஏகமனதா எழுதினீங்க. ஆனா வர மாட்டேங்குதுங்க."

அடுத்த வளைவு. விட்டார், பிடித்தார். ஜன்னலில் பள்ளத்தாக்கு வந்து எட்டிப் பார்த்துவிட்டுப் போனது. குழந்தைசாமியின் பொன்னாடை வாய்க்குள் போயிருந்தது.

பின் சீட்டிலிருந்து மயிலம்மாள் தைரியம் சொன்னார்: "பயப்படாதீங்க சாமி. அவரு கைய உடறப்ப மட்டும் அம்மனைக் கும்புட்டுக்கோணும். நாங்க எட்டு மாசமா அதையத்தான் பண்றோம்."

அறுபத்தாறாவது வளைவில் மாதேஸ்வரன் கண்ணாடியில் பின்னால் பார்த்தார். முதலாளி, நிபுணர், மன்றத் தலைவர், குழு உறுப்பினர் அத்தனை பேரின் கைகளும் மேலே இருந்தன. தலைக்கு மேல் ஓடும் கம்பியை இறுகப் பிடித்திருந்தன. ஒரு கை கூடக் கீழே இல்லை. கேடயம் சீட்டுகளுக்கடியில் இங்கும் அங்கும் உருண்டுகொண்டிருந்தது.

அர்த்தனாரி காதிலிருந்து பேனாவை எடுத்துப் பதிவேட்டைத் திறந்தார். "ஏனுங்க, தூக்கின கை இருபத்தாறு இருக்குதுங்க. பீச்சாங்கையும் சேத்தி எழுதறதுங்களா?"

"எல்லாத்தையும் சேத்தி எழுதப்பா" என்றார் பூபதி. பிறகு டிரைவர் பக்கம் திரும்பி, "மாதேசு, நாளைக்கே புது வண்டி மேல வந்துரும்" என்றார். அதே வாக்கியத்தை மிச்சமிருந்த அறுபத்தைந்து வளைவிலும் வளைவுக்கு ஒரு முறை சொன்னார். அடிவாரத்தில் இறங்கியபோது அவருக்குத் தாடை வலித்தது.

புது வண்டி மறுநாள் மலையேறியது. பத்தொன்பதாவது வளைவில் பெயிண்ட் உரசியது, அதற்காக யாரும் அதைத் திரும்ப நேர் ரோட்டுக்கு இறக்கவில்லை. மாதேஸ்வரனின் தோள் தேற இன்னும் ஆறு மாதம் ஆகும் என்று டாக்டர் சொல்லியிருக்கிறார். கேடயம் பதினோரு பிடி நாற்காலிக்கு மேலே மாட்டப்பட்டிருக்கிறது.

எட்டு மாதமாக நாளுக்கு இருநூற்றெண்பது முறை ஒரு பஸ் ஜனம் ஒற்றைக் கையில் தொங்கியது. இதைக் கண்டுபிடிக்க ஒரு நிபுணர், ஒரு குழு, ஓர் அறிக்கை, ஒரு விருது, ஒரு குரங்கு எல்லாம் வேண்டியிருந்தன. முதலாளி ஒரே ஒரு டிக்கெட் எடுத்து முன்சீட்டில் உட்கார்ந்திருந்தால் போதும்.

அன்றும் அவர் டிக்கெட் எடுக்கவில்லை.