பதினொரு பேரும் ஒரு கார்டும்

இலங்கையின் ஜனப்பெருக்கத்தைத் தடுத்து நிறுத்துவது என்று எண்பத்தோராம் வருஷம் முடிவு செய்தேன். அப்போதுதான் குடிசன மதிப்பீடு எடுத்திருந்தார்கள். நாடு ஒன்றரைக் கோடியை நெருங்குகிறதாம். அதில் ஐந்து என்னுடையது.

இரத்தோட்டைப் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டத்தில் சுகாதாரப் பிரசாரம் செய்கிறவன் நான். தொழிலாளர் குடியிருக்கும் லயம் லயமாகப் போய் "ரெண்டு போதும்" என்று தொண்டை கிழியக் கத்துவேன். வீட்டுக்கு வந்தால் ஐந்தும் சேர்ந்து கத்தும். சாப்பிட உட்கார்ந்தால் என் தட்டுக்குள் ஐந்து கை. இந்தக் கொடுமையை நான் யாரிடம் போய்ச் சொல்ல?

கடைசிப் பிரசவத்தில் என் மனைவி தவமணிதேவிக்கு உயிர் போய்த் திரும்பி வந்தது. ஆறாவது என்றால் தாங்கமாட்டாள் என்று டாக்டர் என் முகத்துக்கு நேரே சொன்னார். அப்படியானால் அவளுக்கு ஆபரேஷன் செய்துவிடுங்கள் என்றேன். உடம்பில் இரத்தமே இல்லாதவளை எப்படி மேசையில் போடுவது, நீங்கள் செய்துகொள்ளுங்கள், ஆண்களுக்குப் பத்து நிமிஷ வேலை என்றார். பஸ் போய்விடும் என்று எழுந்து வந்துவிட்டேன். பலாப்பழம் வெட்டுகிற கத்தியைக் கண்டாலே நான் எழுந்து வாசலுக்குப் போய்விடுகிறவன்.

அன்றிலிருந்து தவமணி தினம் ஒரு தடவை கேட்டாள். நானும் தினம் ஒரு சாக்குச் சொன்னேன். சளி, தடிமன் என்றேன், மழை என்றேன், அட்டமி நவமி என்றேன். பிறகு அவள் கேட்பதையே விட்டுவிட்டாள். அப்போதே நான் உஷாராகியிருக்க வேண்டும்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை பிள்ளைக் காம்பராவில் ஆண்களுக்குக் கூட்டம் வைத்தேன். வேலைக்குப் போகிற பெண்கள் கைக்குழந்தைகளை விட்டுப்போகும் இடம் அது. அன்று தொட்டில்களுக்கு நடுவே மீசைக்காரர்கள் உட்கார்ந்திருந்தார்கள். வலிக்காது, மறுநாளே நடக்கலாம் என்று ஒரு மணி நேரம் வெளுத்து வாங்கினேன். நல்லையா கங்காணி மெதுவாக எழுந்தார்.

"ஐயா செஞ்சுகிட்டீங்களா?"

எல்லாத் தலையும் என் பக்கம் திரும்பியது.

"போன மாசமே செஞ்சாச்சு."

சத்தியமாக அது நான் சொன்னதில்லை, வாய் சொன்னது. பதினொரு பேர் பெயர் கொடுத்தார்கள். செவ்வாய்க்கிழமையே லொறி ஏறிப் போய்க் காரியத்தை முடித்துக்கொண்டும் வந்துவிட்டார்கள். தோட்டத்தில் என்னைப் பிடிக்க ஆளில்லை.

அடுத்த வாரம் புதன்கிழமை தவமணி தேத்தண்ணியை நீட்டினாள்.

"பீலியில தண்ணி எடுக்கிறப்ப நல்லையா பொஞ்சாதியப் பாத்தேன்."

"என்னவாம்?"

"ஆஸ்பத்திரிப் புத்தகத்துல உங்க பேரே இல்லையாம். சனிக்கிழமை பதினொரு பேரும் வந்து ஐயாவோட ஆபரேஷன் கார்டப் பாக்கப் போறாங்களாம். கவ்வாத்து முடிஞ்சு நேரா இங்கதானாம்."

கவ்வாத்து என்றால் தேயிலைச் செடியை வெட்டுவது. கத்தி கையோடு இருக்கும்.

"நீ என்ன சொன்ன?"

"காட்டுவாருன்னு சொல்லிட்டேன்."

"அடிப்பாவி, என்கிட்ட ஏதுடி கார்டு?"

"காலையில ஆறரைக்கு மாத்தளை பஸ் இருக்குங்க."

போனேன். பத்து நிமிஷம்தான். நான் பிரசாரம் செய்த மாதிரியே வலிக்கவில்லை என்று சொல்ல ஆசைதான். கார்டில் போன மாசத் தேதி போடச் சொல்லி மன்றாடினேன், கிளார்க் மசியவில்லை. வீட்டுக்கு வந்து தேதியின் மேல் தேத்தண்ணியை ஊற்றினேன்.

சனிக்கிழமை மூன்று மணியிலிருந்து சாரத்தைத் தளர்த்திக் கட்டிக்கொண்டு, காலை அகட்டி, கார்டும் கையுமாக வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தேன். நாலரைக்கு நல்லையா தனியாக, கத்தியோடு வந்தார். வாயைத் திறக்கும் முன்னே கார்டை நீட்டினேன்.

"என்ன கார்டுங்க ஐயா?" என்று திருப்பித் திருப்பிப் பார்த்தார். அவர் பாட்டுக்கு வீட்டுக்குப் போய்க்கொண்டிருந்தாராம். கும்பிட்டுவிட்டுப் போய்விட்டார்.

தவமணி உள்ளே அரிசி புடைத்துக்கொண்டிருந்தாள்.

"நல்லையா பொஞ்சாதி உன்கிட்ட என்னதான் சொன்னா?"

"அவளைக் கண்டே ஒரு மாசமாச்சுங்க."

"அப்ப அம்புட்டும் பொய்யா?"

சுளகைக் கீழே வைத்தாள். ஒரு தலையணையை எடுத்து வந்து, நோகாமல் என் முதுகுக்கு வைத்தாள்.

"நீங்க ஒரு பொய் சொல்லிப் பதினொரு பேர அனுப்பினீங்க. நான் ஒரு ஆளத்தானங்க அனுப்பினேன்?"