மலிவுக் குழலும் என் சட்டை வாலும்

ஹான்காக், மிச்சிகன்
டிசம்பர் 2

பெருமதிப்பிற்குரிய மைத்துனர் ஒன்னி அவர்களுக்கு,

உங்கள் தங்கை லெம்பியின் கணவன் ரெய்னோ வணக்கத்துடன் எழுதுவது. இங்கே இருவரும் நலம். பனி ஜன்னல் விளிம்பைத் தொட்டுவிட்டது. வீட்டில் சௌனா என்ற நீராவிக் குளியலறையின் அடுப்பு மட்டும் ஒழுங்காக எரிகிறது. ஃப்ளோரிடாவில் அரைக்கால் சட்டையோடு ஆரஞ்சு உரித்துக்கொண்டிருக்கும் தங்கள் நலமறிய ஆவல். இனி எந்த விஷயத்திலும் தங்களிடம் யோசனை கேட்பதில்லை என்று தெரிவிக்கவே இந்தக் கடிதம்.

நம் வேட்டைக் குடிலின் வழக்கத்தை நீங்கள் மறந்திருக்க மாட்டீர்கள். மானைச் சுட்டுத் தவறவிட்டவனின் சட்டையில் பின்னால் தொங்கும் வாலை வெட்டி, பெயர் எழுதிச் சுவரில் ஆணியடிப்பார்கள். அந்தச் சுவரில் பாதி என் சட்டைகள்தான். எல்லாம் லெம்பி கைப்படத் தைத்த கட்டம் போட்ட சட்டைகள். இந்த வருஷமும் வால் போனால், வேட்டை முடிகிறவரை துப்பாக்கியைத் தொடாமல் அடுப்படியில் கிடக்கவேண்டும் என்று தீர்மானமே போட்டுவிட்டார்கள். அப்பாவின் பழைய துப்பாக்கியில் குழல் தேய்ந்துவிட்டது, அதனால்தான் குறி தப்புகிறது என்று தொலைபேசியில் உங்களிடம் அழாத குறையாகச் சொன்னேன். நீங்கள் என்ன சொன்னீர்கள்?

"புதுக் குழல் எதுக்கு மாப்ளே, தெண்டச் செலவு. எவனாவது கழட்டிப் போட்டது பாதி விலைக்குக் கிடைக்கும். வாங்கி மாட்டு."

மாட்டினேன். வந்த குழல் பழையதைவிடத் தடிமன், அதைத் தாங்கும் மரக்கட்டையின் பள்ளத்தில் உட்காரவில்லை, சரி என்று நான் கூடத்தில் உட்கார்ந்து உப்புத்தாளால் கட்டையைத் தேய்க்க, மரத்தூள் பறந்து லெம்பி பிசைந்து வைத்த ரொட்டி மாவில் விழ, அந்த ரொட்டியைச் சாப்பிட்ட பாதிரியார் இது என்ன தானியம் என்று விசாரிக்க, நாங்கள் இருவரும் ஆளுக்கொரு தானியத்தின் பெயரைச் சொல்லித் தொலைத்தோம். அப்புறம் பார்த்தால் அந்தக் குழலில் குறி பார்க்கிற முள்ளே கிடையாது; அதனால் தொலைநோக்கி வாங்கினேன்; தொலைநோக்கியைப் பொருத்தியதும் தோட்டா ஏற்ற இழுக்கிற பூட்டின் கைப்பிடி அதில் போய் இடித்தது; கைப்பிடியை வளைத்துக் கொடுக்க நம் ஊர்த் துப்பாக்கி மெக்கானிக் கிளாரன்ஸ் ஒரு புதுக் குழலின் விலையையே கேட்டார். கொடுத்தேன். இத்தனைக்கும் பிறகு, வேட்டை தொடங்கிய காலையில் கொம்பு மான் ஒன்று சொந்த வீட்டுப் பசு மாதிரி எதிரே வந்து நின்றது. சுட்டேன். என்னைப் பார்த்தது. மறுபடி சுட்டேன். சாவகாசமாக நடந்து போனது.

குடிலில் கத்திரிக்கோலுக்குச் சாணை பிடித்துத் தயாராக வைத்திருந்தார்கள். மற்றவர்கள் காட்டுக்குப் போக, பின்னால் காற்றடிக்கிற சட்டையோடு நான் வெங்காயம் உரித்தேன். வெட்கத்தில் செத்துப்போனேன் மைத்துனரே. இந்தப் பாவம் முழுக்க உங்கள் மலிவு யோசனையையே சேரும்.

கர்த்தர் உங்களுக்கு நீண்ட ஆயுளையும், கேட்டாலும் வாய் திறக்காத குணத்தையும் அருள்வாராக. வீட்டில் அனைவருக்கும் என் அன்பு.

இப்படிக்கு,
தங்கள் அன்பிற்குரிய,
ரெய்னோ

பி.கு.: கடிதத்தை உறையில் போடுவதற்குள் ஒரு சிறு மாற்றம். பனி போனதும் அவரைக்கொடிக்கு ஊன்றலாம் என்று லெம்பி அந்தப் பழைய குழலை எடுத்து உள்ளே துணி விட்டு இழுத்தாள். தார் மாதிரி ஏதோ வந்துகொண்டே இருந்தது. "இத்தனை வருஷத்துல ஒரு நாளாவது உள்ள துடைச்சிருக்கீங்களா?" என்று கேட்டாள். கிளாரன்ஸ் பார்த்துவிட்டு, குழல் கொஞ்சமும் தேயவில்லை என்று சொல்லித் திரும்ப மாட்டிக் கொடுத்தார். லெம்பி பலகையில் சுட்டாள். ஓட்டைகள் ஒன்றையொன்று தொட்டுக்கொண்டிருந்தன. பிறகு நான் சுட்டேன். பலகைக்கு ஒன்றும் ஆகவில்லை.

ஆகவே குற்றம் கட்டையில்தான் என்பது இப்போது தெளிவாகிவிட்டது. மலிவாக ஒரு கட்டை எங்கே கிடைக்கும் என்று மறு தபாலில் யோசனை சொல்லவும். உங்கள் தங்கைக்குத்தான் நம்பிக்கை இல்லை. "அடுத்த வருஷச் சட்டைக்கு வாலைப் பொத்தான் வச்சுத் தச்சிருக்கேன். யாரும் வெட்ட வேண்டாம், நீங்களே கழட்டிக் குடுத்துட்டு வாங்க" என்கிறாள்.