துரையின் வயிறு

பதினான்கு வருடத்தில் முதல் தடவையாகக் கரமல் புடிங் தொடப்படாமல் மேசையில் இருந்தது. இக்னேசியஸ் தட்டை இந்தப் பக்கம் திருப்பிப் பார்த்தார், அந்தப் பக்கம் திருப்பிப் பார்த்தார். ஒரு கரண்டி பட்ட அடையாளம்கூட இல்லை.

"இனிப்பு கூடிப்போச்சுங்களா துரை?"

"இல்ல இக்னேசியஸ். மனசு சரியில்ல. நீ உக்காரு," என்றார் விஜேகோன் துரை.

உட்காருவதாவது! வட்டகொடைக்கு மேலே உள்ள அந்தத் தோட்டத்தில், பெரிய துரை பங்களாவில், துரைக்கு எதிரே ஒரு கோக்கி உட்கார்ந்ததாகச் சரித்திரம் உண்டா? கோக்கி என்றால் சமையல்காரர். ஒரு காலத்தில் நாலு பேர் செய்த பங்களா வேலையை இப்போது இக்னேசியஸ் ஒருவரே செய்துகொண்டிருந்தார். அதனால் நாலு பேருடைய மரியாதையையும் சேர்த்து நின்றபடியே காட்டினார்.

துரை சட்டைப்பையிலிருந்து ஒரு காகிதத்தை எடுத்து விரித்தார். மையால் வரைந்த மூன்று படங்கள். ஒன்றில் ஒரு தாடை, மற்ற இரண்டிலும் ஒரு பை, பைக்குக் கீழே சுருள் சுருளாகக் குடல். போன கிழமை பங்களாவில் வந்து தங்கிப்போன டாக்டர் வரைந்தது. அவர் துரையோடு ஒரே பள்ளிக்கூடத்தில் படித்து, சீமையில் பல வருடம் வேலை பார்த்துவிட்டு இப்போது கண்டிக்குத் திரும்பியிருந்தார். போகும்போது குசினிக்குள்ளேயே வந்து, இக்னேசியஸின் கையைப் பிடித்தவர் வெகுநேரம் விடவேயில்லை. கோழி ரோஸ்டுக்கு இப்படி ஒரு பாராட்டா என்று இக்னேசியஸ் அன்றைக்கே சிசிலியிடம் பெருமை அடித்திருந்தார்.

"இது மூணும் உடம்பு எடையைக் குறைக்கிற ஆப்பரேசன். மூணுல ஒண்ணு செய்யாட்டி இருதயம் தாங்காதுன்னு டாக்டர் சொல்றாரு. எதுன்னு நீயே சொல்லு. ஞாயித்துக்கிழமை வரைக்கும் யோசி."

"நானாங்க துரை?"

"வேற யாரு? நீ சொல்றதுதான் முடிவு."

இக்னேசியஸ் காகிதத்தை இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டார். நியாயம்தானே! பிள்ளைகளின் படிப்புக்காகத் துரைசாணி கொழும்பில் இருக்கிறார். துரையின் வயிற்றைக் காலை, பகல், மாலை என்று அறிந்தவர் இந்தத் தோட்டத்தில் இக்னேசியஸைத் தவிர யார்? துரை ஏறினால் ஜீப் ஒரு பக்கம் சாயும். அவருடைய பெல்டில் போன மாதம் புது ஓட்டை போட்டுக் கொடுத்ததும் இவர்தான். இக்னேசியஸும் ஒன்றும் ஒல்லிக்குச்சி இல்லை. ஆனால் தன்னுடையது தொழிலுக்கு வேண்டிய உடம்பு என்பது அவருடைய கட்சி. ஒல்லியான கோக்கியை நம்பி எந்தத் துரை சாப்பிட உட்காருவார்?

பங்களாவில் ஒரு வழக்கம் உண்டு. மேசையிலிருந்து திரும்பி வருவது கோக்கிக்குச் சொந்தம். வெள்ளைக்காரன் காலத்துச் சட்டம் அது. வெள்ளைக்காரன் போனான், தோட்டத்தை அரசாங்கம் எடுத்தது, அந்தச் சட்டத்தை மட்டும் யாரும் எடுக்கவில்லை. ஆகவே முழுப் புடிங்கும் குசினியில் இக்னேசியஸின் வயிற்றுக்குள் போனது. அழுதுகொண்டேதான் சாப்பிட்டார். அழுதாலும் ருசி ருசிதான்.

அழுகைக்குக் காரணம் இருந்தது. மூன்று வருடத்துக்கு முன், எண்பத்து மூன்றுக் கலவரத்தில், கீழே கடைவீதி பற்றி எரிந்தபோது இக்னேசியஸையும் சிசிலியையும் மூன்று பெண் பிள்ளைகளையும் பங்களாச் சாமான் அறையில் வைத்துக் காப்பாற்றியவர் இந்தத் துரை. வந்த கூட்டத்திடம் கேட்டில் நின்று சிங்களத்தில் என்ன பேசினாரோ, திருப்பி அனுப்பிவிட்டார். அதைப் பற்றி இன்றுவரை ஒரு வார்த்தை பேசியதில்லை. மறுநாள் காலையில் முட்டை அவிந்தது போதாது என்று மட்டும் சொன்னார். அப்படிப்பட்ட மனிதரின் இருதயம் தாங்காதாமே!

பங்களாவுக்குப் பின்னால் இருந்த வீட்டில் சிசிலி விஷயத்தைக் கேட்டுக் கன்னத்தில் கை வைத்தாள்.

"ஏங்க, துரை வயித்தச் சுருக்கிட்டா அப்புறம் கோக்கி எதுக்கு? தண்ணி சுடவைக்க ஒரு கேத்தல் போதுமே! இந்த வீட்டையும் காலி பண்ணச் சொல்லிருவாங்களே!"

"அடியே, அந்த மனுசன் உசுரு போகுதுன்னு நான் சொல்றேன். நீ கேத்தலப் பத்திப் பேசுற."

சொன்னாரே தவிர, கேத்தல் அவர் மனதிலும் வந்து உட்கார்ந்துகொண்டது.

மறுநாள் காகிதத்தை மடித்து எடுத்துக்கொண்டு தோட்டத்து மருந்துச்சாலைக்கு இறங்கினார். அங்கே டிஸ்பென்சர் செல்லசாமி. தோட்டமே அவரை டாக்டரய்யா என்றுதான் கூப்பிடும்.

"துரை காகிதத்தக் குடுத்துட்டாரா? அப்பாடா!" என்று செல்லசாமி நெஞ்சைத் தடவிக்கொண்டார். "எங்க என்னையவே சொல்லச் சொல்லிருவாரோன்னு பயந்துகிட்டிருந்தேன்."

"மூணையும் வெளங்குற மாதிரி சொல்லுங்கய்யா. நான்தான் முடிவு பண்ணணும்."

"பின்ன? மொதல் படம், தாடையக் கம்பி போட்டுக் கட்டிர்றது. வாய் தொறக்காது. கஞ்சியோ சூப்போ, உறிஞ்சித்தான் குடிக்கணும்."

"பேசுறது?"

"பல்லக் கடிச்சுக்கிட்டே பேசலாம்."

காலைப் பெரட்டில் வேலை பிரித்துக் கொடுக்கும்போது துரை பல்லைக் கடித்துக்கொண்டு பேசினால் சனம் பாதி வீட்டுக்கு ஓடிவிடும் என்று இக்னேசியஸ் நினைத்துக்கொண்டார்.

"ஆனா கம்பியக் கழட்டினதும் பழைய குருடி கதவத் தொறடிதான். ரெண்டாவது படம், எரப்பைய அப்படியே மேல்பக்கமாப் பின் அடிச்சு மூடிர்றது. ஆபீஸ்ல காகிதத்துக்கு அடிப்பாங்களே, அது மாதிரி. அப்புறம் அரைக் கோப்பை கொள்ளும். அதுக்கு மேல ஒரு வாய் வெச்சாலும் வெளிய வந்துரும். ஆயுசு பூரா அப்படித்தான்."

"அரைக் கோப்பையா! மூணாவது?"

"குடல்ல முக்கால்வாசிய விட்டுட்டுக் குறுக்கு வழியில தைச்சிர்றது. என்ன வேணா சாப்பிடலாம், எவ்வளவு வேணா சாப்பிடலாம். ஒடம்புல ஒட்டாது."

இக்னேசியஸின் முகம் மலர்ந்தது. "புடிங்கும் சாப்பிடலாமுங்களா?"

"சாப்பிடலாம். சாப்பிட்ட ஒடனே கக்கூசுக்கு ஓடணும். அது போகட்டும், போகப் போக ஈரல் கெட்டு ஆளே போயிரலாம். சீமையிலயே இப்ப பயந்து பயந்துதான் செய்றாங்களாம்."

மலர்ந்த முகம் அப்படியே கூம்பிப் போயிற்று. மூன்றாவது என்றால் வேலை மிஞ்சும், துரை மிஞ்சமாட்டார். இரண்டாவது என்றால் துரை மிஞ்சுவார், வேலை மிஞ்சாது. மேட்டில் ஏறும்போது பதினைந்து படிக்கு ஒரு தடவை நின்று மூச்சு வாங்கினார். ஒரு இடத்தில், கத்தியே படாமல் துரையை மெலிய வைத்துவிட்டால் என்ன என்று தோன்றியது. எல்லாம் இவர் கையில்தானே இருக்கிறது!

புதன்கிழமை பகல் மேசைக்கு அவித்த முட்டைக்கோவா, அவித்த கரட், உப்பில்லாத சூப் போயின. துரை மூடியைத் திறந்து பார்த்தார், இக்னேசியஸையும் பார்த்தார்.

"நல்லது. இப்பவே பழகிக்கிறது நல்லதுதான். நீயும் இதத்தானே சாப்பிடுற?"

"ஆமாங்க துரை," என்று இக்னேசியஸ் கூசாமல் பொய் சொன்னார்.

உண்மையில் அந்தக் கிழமைக்கு வாங்கிய இறைச்சியும் முட்டையும் பட்டரும் குசினியில் இருந்தன. கெட்டுப்போக விடலாமா, பாவமில்லையா? அவற்றோடு, துரை பாதியில் தள்ளிவிட்ட கோவாவும் கரட்டும் வழக்கப்படி கோக்கிக்கே வந்து சேர்ந்தன. இரண்டே நாளில் இக்னேசியஸின் சாரம் இடுப்பில் நிற்க மறுத்தது.

துரையாவது மெலிந்தாரா? அதுவும் இல்லை. பசி தாங்காமல் இரண்டு சாயந்தரமும் கிளப்புக்குப் போய்விட்டார். திரும்பி வந்து இறங்கியபோது கட்லட் வாசனை ஜீப்பை விட்டு முதலில் இறங்கியது.

"கந்தப்பா, நாளைக்கு ஜீப் ரிப்பேர்னு சொல்லிரு," என்று டிரைவர் கந்தப்பனிடம் இக்னேசியஸ் கெஞ்சினார். "கொஞ்சம் நடந்தாத்தான் மனுசன் பொழைப்பாரு."

"பொய் சொன்னா என் வேலை போயிருமேண்ணே."

"துரைய நெனைச்சுச் சொல்லுப்பா!"

கந்தப்பன் சொன்னான். துரை தொப்பியை எடுத்துத் தலையில் வைத்தார். கைத்தடியை எடுத்தார். பிறகு குசினிப் பக்கம் திரும்பிக் கூப்பிட்டார்.

"இக்னேசியஸ், நீயும் வா. ரெண்டு பேரும் சேந்து நடப்போம். நடக்கிறது நல்லதுன்னு டாக்டர் சொல்லியிருக்காரு."

இதை இக்னேசியஸ் எதிர்பார்க்கவில்லை. ஆனால் தனியாக நடக்கத் துரைக்குக் கூச்சமாக இருக்கும், பாவம், என்று டிபன் கூடையைத் தூக்கிக்கொண்டு பின்னால் போனார். ஏழாம் நம்பர் மலை என்பது பேருக்குத்தான் மலை என்றில்லை, நிஜமாகவே மலை. பாதி ஏறும்போது இக்னேசியஸின் நெஞ்சு அடித்துக்கொண்ட சத்தம் அவருக்கே கேட்டது. அந்தோனியாரே, துரையை ஒப்பேற்றிவிடும், ஆளுயர மெழுகுதிரி கொளுத்துகிறேன் என்று வேண்டிக்கொண்டே அடுத்த காலை வைத்தார். வைத்த இடத்தில் தரை இல்லை, தண்ணீர் வடிய வெட்டிய கான் இருந்தது. கூடையோடு உள்ளே போய் மல்லாந்து விழுந்தார்.

"அய்யய்யோ, கோக்கி விழுந்துட்டாரு!" என்று கொழுந்தெடுத்துக்கொண்டிருந்த பெண்கள் கூடையைப் போட்டுவிட்டு ஓடி வந்தார்கள். இரண்டு பேர் இழுத்துப் பார்த்தார்கள், நாலு பேர் இழுத்துப் பார்த்தார்கள். கடைசியில் ஆறு பேர் கொழுந்து கட்டும் சாக்குப் படங்கில் உருட்டிப் போட்டுத் தூக்கினார்கள்.

"என்னா கனம்டி யம்மா! பங்களாச் சாப்பாடு சும்மாவா?"

துரை ஜீப்புக்கு ஆள் அனுப்பினார். ரிப்பேரில் கிடந்த ஜீப் ஐந்து நிமிடத்தில் பறந்து வந்தது. அது எப்படி என்று கேட்கக்கூட அவருக்குத் தோன்றவில்லை. முகம் வெளுத்து, தன் நெஞ்சைத் தானே பிடித்துக்கொண்டு நின்றார்.

இக்னேசியஸ் அதை அரைக் கண்ணால் பார்த்துவிட்டார். ஐயோ, துரைக்கு இருதயம் வலிக்கிறதே! மெலிய வைக்கிறேன் என்று மலையேற்றி மனிதரைக் கொல்லப் பார்த்தேனே!

பங்களாவுக்கு வந்ததும் துரை அவரை முன் அறைச் சோபாவில் படுக்க வைத்தார். இக்னேசியஸ் எழும்பப் பார்த்தார், துரை விடவில்லை.

"ஞாயித்துக்கிழமை வரைக்கும் காத்துக்கிட்டு இருக்கேலாது. இப்பவே சொல்லு. எது?"

இக்னேசியஸ் கண்ணை மூடினார். கேத்தல் வந்தது, பின்வீடு வந்தது, மூன்று பெண் பிள்ளைகளும் வந்து நின்றார்கள். அவர்களுக்கும் பின்னால் பங்களா கேட்டும், கேட்டில் தனியாக நின்ற ஒரு மனிதரின் முதுகும் வந்தன. கண்ணைத் திறந்தார்.

"ரெண்டாவதுங்க துரை. அரைக் கோப்பை."

"நல்லா யோசிச்சியா?"

"யோசிச்சிட்டேங்க. மூணாவதுன்னா என் வேலை நெலைக்கும், உசுரு நெலைக்காது. எனக்கு வேலை வேணாங்க. உசுருதாங்க வேணும்." சொல்லும்போதே அழுதுவிட்டார்.

துரையின் கண்ணும் கலங்கிவிட்டது. "யாரு சொன்னா வேலை போகும்னு? பதினாலு வருசம் எனக்கு நீ சோறு போட்டிருக்க. இனிமே நீ ஒரு கோப்பை சூப்பு வெச்சாலும் எனக்கு நீதான் கோக்கி. அந்த வீடு உன் வீடு. வெளங்குதா?"

இக்னேசியஸ் இரண்டு கையையும் கூப்பினார். இப்படியும் ஒரு மனிதரா! சாகப் பிழைக்கக் கிடக்கிற நேரத்திலும் கோக்கியின் வீட்டைப் பற்றி நினைக்கிறாரே!

"ஆஸ்பத்திரியில நான் கூடவே இருப்பேங்க துரை."

"இல்ல, நான்தான் உன் கூட இருப்பேன்," என்றார் துரை.

சொல் முன்பின்னாக வந்துவிட்டது. பெரிய ஆளான பிறகு தமிழ் படித்தவர்தானே என்று இக்னேசியஸ் அதைப் பெரிதுபடுத்தவில்லை.

இரண்டு கிழமை கழித்து ஒரு திங்கட்கிழமை கண்டிக்குப் புறப்பட்டார்கள். துரையின் பைஜாமா இரண்டு, கம்பளிக் காலுறை, சவரப் பெட்டி, சுடுதண்ணீர்ப் போத்தல் எல்லாவற்றையும் இக்னேசியஸ் இஸ்திரி போட்டதும் துடைத்ததுமாக அடுக்கியிருந்தார். சிசிலி, என்ன நினைத்தாளோ, புருஷனின் பழைய சாரம் ஒன்றையும் மேலே திணித்திருந்தாள். தோட்டத்துச் சனம் லயத்து வீட்டு வாசல்களில் நின்று கும்பிட்டது. துரைக்கு இவ்வளவு மரியாதையா என்று இக்னேசியஸுக்கு மனம் நிறைந்தது. துரை வேறு பக்கம் பார்த்துக்கொண்டிருந்ததால், கும்பிட்டவர்களுக்கெல்லாம் அவர் சார்பில் இக்னேசியஸே கையசைத்தார்.

ஆஸ்பத்திரியில் துரை பெட்டியைத் தானே தூக்கிக்கொண்டு நடந்தார். எவ்வளவு பிடுங்கியும் கொடுக்கவில்லை. மாடியில் ஒரு சின்ன அறை. அதில் வெள்ளை விரிப்புப் போட்ட ஒரு கட்டில், பக்கத்தில் ஒரு பிரம்பு நாற்காலி. இக்னேசியஸ் தலையணையைத் தட்டி உப்ப வைத்தார். கம்பளியைப் பாதி மடித்துவிட்டார்.

"படுங்க துரை. பயப்படாதீங்க. அந்தோனியாரு பாத்துக்குவாரு."

துரை அவரை ஒரு மாதிரியாகப் பார்த்தார். பிறகு நாற்காலியில் உட்கார்ந்து சப்பாத்தைக் கழற்றி, கம்பளிக் காலுறையை எடுத்து மாட்டிக்கொண்டார். பேப்பரை விரித்தார்.

பயத்தில் பிடிவாதம் பிடிக்கிறார் என்று இக்னேசியஸ் நினைத்தார். கட்டில் ஓரத்தை மறுபடி தட்டிக் காட்டினார். அப்போது ஆஸ்பத்திரிச் சட்டை ஒன்றை மடித்துப் பிடித்தபடி அட்டென்டன்ட் வீரம்மா உள்ளே வந்தாள். ராகலைப் பக்கத்துப் பெண். வந்தவள் நேராக இக்னேசியஸின் தோளில் அந்தச் சட்டையை வைத்து அளவு பார்த்தாள்.

"எனக்கு எதுக்கும்மா? துரைக்குக் குடு. மொதல்ல அவரப் படுக்கச் சொல்லு, நான் சொன்னாக் கேக்க மாட்டேங்கிறாரு."

வீரம்மா கையிலிருந்த காகிதத்தை ஒரு தரம் பார்த்தாள், நாற்காலியில் இருந்தவரை ஒரு தரம் பார்த்தாள்.

"அண்ணே, கட்டில் உங்களுக்கு, ஆப்பரேசன் காகிதத்துல நோயாளின்னு இருக்கிறது உங்க பேரு, தொணைக்கு இருக்கிற ஆளுங்கிற எடத்துலதான் தொரை கையெழுத்து வெச்சிருக்காரு!"