ஊதா அக்காவின் எருமைமாடு

வானம் நீல நிறம் என்பதை ஒப்புக்கொள்ளாத ஒரே மத்திய அரசு ஊழியர், எனக்குத் தெரிந்து, எங்கள் ஊதா அக்காதான். வானம் மட்டுமா? இலை பச்சை, காக்கை கறுப்பு, தக்காளி சிவப்பு என்று அவரிடம் யாரும் சொல்லிவிட முடியாது. "யாரு சொன்னா? தக்காளி வந்து ஒங்கிட்ட சொல்லிச்சா?" என்று மடக்குவார். அப்படியானால் என்ன கலர் போடுவது என்று கேட்கும் குழந்தைக்கு ஒரே பதில்தான்: "ஊதா போடு. ஒண்ணும் ஆயிராது."

தொண்ணூறுகளின் நடுவில், சரோஜினி நகர் அரசுக் குடியிருப்பில் நாங்கள் முதல் மாடி, அவர் இரண்டாவது மாடி. ஏதோ ஒரு அமைச்சகத்தில் ஸ்டெனோ. சொந்த ஊர் திருநெல்வேலிப் பக்கம். டெல்லியில் பதினெட்டு வருடம் இருந்தும் அவருடைய தமிழ் கொஞ்சமும் அசையவில்லை. இந்தியும் தாமிரபரணியில் குளித்துவிட்டுத்தான் வெளியே வரும். கல்யாணம் ஏன் செய்துகொள்ளவில்லை என்று ஒருமுறை கேட்டேன். "பாக்க வந்த ஆளுக்கு மூக்கு வரையத் தோதா இல்லட்டி" என்றார். வாசலில் பெயர்ப்பலகை கிடையாது. தமிழ்க் குழந்தைகளுக்கு ஊதா அக்கா. பஞ்சாபிக் குழந்தைகளுக்கும் தபால்காரருக்கும் பைங்கனி தீதி, அதாவது இந்தியில் அதே ஊதா அக்கா.

ஞாயிற்றுக்கிழமை காலை ஒன்பது மணிக்குக் குடியிருப்புப் பூங்காவில் அவருடைய தர்பார் கூடும். டைப் அடிக்கும் தாள்களுக்கு நடுவில் கார்பன் வைத்து, ஒரே அழுத்தில் ஐந்து படம் போட்டுக் கொண்டுவருவார். பல் விளக்கும் முதலை, கிரிக்கெட் ஆடும் கத்தரிக்காய், ஸ்வெட்டருக்குள் தலை மாட்டிக்கொண்ட ஆமை. மேல் காப்பி பளிச்சென்று இருக்கும். ஐந்தாவது காப்பி கிடைத்த குழந்தைக்கு முதலையின் வாலும் இரண்டு பல்லும்தான் தெரியும். மிச்ச முதலையை அதுவே தேடிக் கண்டுபிடிக்க வேண்டியதுதான். அந்த ஐந்தாவது காப்பிக்குத்தான் அடிதடி! கலர் அடிப்பதற்கும் விதிகள் உண்டு. ஒரு வாரம் இடது கையால். ஒரு வாரம் கண்ணை மூடிக்கொண்டு. ஒரு வாரம் கால் விரலில் கிரேயானைச் செருகிக்கொண்டு. அந்த வாரம் பூங்காவைக் கடந்து போனவர்கள் ஏதோ யோகாசன வகுப்பு என்று நினைத்து ஃபீஸ் விசாரித்தார்கள்.

எங்கள் வீட்டில் இதனால் பூகம்பம் வந்தது. ஒன்றாம் வகுப்பில் படித்த என் மகள் வித்யா, பரீட்சையில் யானைக்கு ஊதா கலர் அடித்து, மேலே கட்டம் போட்ட சட்டையும் மாட்டிவிட்டு, முட்டை வாங்கிக்கொண்டு வந்தாள். பள்ளிக்கூட டயரியில் என்னை நேரில் வரச் சொல்லி ஆசிரியையின் குறிப்பு. எனக்கு வந்த கோபத்தில் இரண்டிரண்டு படியாக ஏறினேன்.

"அக்கா, யானைக்கு என்ன கலர்? நீங்களே சொல்லுங்க!"

"எந்த யானைக்கு?"

"பொதுவா!"

"பொதுவா யானைன்னு ஒண்ணு கெடையாதுட்டி. எந்த யானைன்னு சொல்லு, கலர் சொல்லுதேன்."

"சண்டையப் பொறவு போடலாம். ஒங்கை சும்மாதான கெடக்கு, இதுக்கு ஒரு கலர் குடு" என்று ஒரு தாளை நீட்டினார். சலூனில் ஷேவிங் செய்துகொள்ளும் ஒட்டகம். முகம் முழுக்கச் சோப்பு நுரை. ஒரு மணி நேரம் கழித்துக் கீழே வந்தேன். "நல்லா கேட்டியா?" என்றார் என் கணவர். ரோஸ் கலர் ஒட்டகத்தை ஃப்ரிஜ்மேல் ஒட்டினேன்.

அவருடைய ஆபீஸிலும் கதை இதுதான். ஒருமுறை பஸ் ஸ்டாப்பில் நிற்கும் ஒட்டகச்சிவிங்கி ஒன்று தவறுதலாக ஒரு ஃபைலுக்குள் போய், மேஜை மேஜையாக ஏறி, பெரிய அதிகாரிவரை போய்விட்டது. அக்கா மூன்று நாள் சாப்பிடவில்லை. நான்காம் நாள் ஃபைல் திரும்பி வந்தது. ஒட்டகச்சிவிங்கி குளம்பிலிருந்து கொம்புவரை பச்சை மையில் நிரம்பியிருந்தது. பெரிய அதிகாரிகள் கையெழுத்துப் போடுகிற அதே பச்சை மை! ஓரத்தில் 'பார்த்தேன்' என்று எழுதி, தேதியும் போட்டிருந்தார்கள்.

இப்படி எல்லாவற்றிலும் தப்பித்துக்கொண்டிருந்தவரை ஒரு மழை மாட்டிவிட்டது.

ஜூலை மாத ஞாயிறு. பூங்காவில் முழங்கால் தண்ணீர். பதினோரு குழந்தைகள் எங்கள் மாடிப்படியில் கூடிவிட்டன. தாளும் தீர்ந்துபோனது. அக்கா படிக்கட்டுச் சுவரைப் பார்த்தார். சுவர் வெள்ளைவெளேரென்று இருந்தது. அடுப்புக்கரியை எடுத்து, தரைத்தளத்திலிருந்து முதல் மாடிவரைக்கும் ஸ்கூட்டர் ஓட்டும் ஒரு எருமைமாட்டை வரைந்தார். மதியத்துக்குள் பதினோரு பெட்டி மெழுகு கிரேயானும் அந்த எருமையில் கரைந்தன. உடம்பு ஊதா, வால் ஆரஞ்சு. கொம்பு இரண்டும் பின்பக்கம் வழித்துச் சீவின மாதிரி மஞ்சள். யாரோ ஒரு வாண்டு அதற்குக் கறுப்புக் கண்ணாடியும் மாட்டிவிட்டது.

வினையே அந்தக் கண்ணாடிதான். கீழ்வீட்டுக்காரர் எங்கள் தஞ்சாவூர்ப் பக்கத்து மனிதர். கனமான ஆள், தடித்த கறுப்பு ஃப்ரேம், பழைய ஸ்கூட்டர். சாயங்காலம் வந்து சுவரைப் பார்த்தார். எருமையும் அவரைப் பார்த்தது. இரண்டு பேருக்கும் ஒரே கண்ணாடி.

அவர் எழுதிப்போட்ட புகாரின்பேரில் பத்தாம் நாள் அக்காவுக்கு நோட்டீஸ் வந்தது. அரசுச் சுவரைச் சேதப்படுத்தியதற்காக வீட்டு ஒதுக்கீட்டை ஏன் ரத்து செய்யக் கூடாது? திங்கட்கிழமை இன்ஜினியர் நேரில் வந்து பார்ப்பார். அந்த வீட்டை விட்டால் அவருக்கு டெல்லியில் வேறு இடம் கிடையாது.

சனிக்கிழமை மாலை மேலே போனேன். டிரங்குப் பெட்டி திறந்து கிடந்தது. பாதித் துணி அடுக்கியாகிவிட்டது. அக்கா தரையில் உட்கார்ந்து கலர் அடித்துக்கொண்டிருந்தார். எட்டிப் பார்த்தேன். வானம் நீலமாக இருந்தது. இலை பச்சையாக இருந்தது. கிளையில் ஒரு கறுப்புக் காக்கை.

"சரியா இருக்காட்டி?" என்றார். குரலே இல்லை.

அந்தத் தாளைப் பிடுங்கிக் கிழித்தே போட்டுவிட்டேன்.

ஞாயிறு காலை மாடிக்காரர்கள் எல்லோரும் சுண்ணாம்பு வாளியோடு இறங்கினோம். என் கணவர், எதிர்வீட்டு பஞ்சாபித் தம்பதி, பதினோரு குழந்தைகள். ஒரு பூச்சு அடித்தோம். காய்ந்ததும் எருமை எட்டிப் பார்த்தது. இரண்டாவது பூச்சுக்கு இன்னும் பளபளத்தது. கிரேயான் மெழுகாயிற்றே, சுண்ணாம்பு ஒட்டினால்தானே! மூன்றாவது பூச்சில் கரிக்கோடும் மழை ஈரமும் மறைந்து, சுவர் பால்போல வெளுத்து, நடுவில் ஊதா எருமை அன்றைக்குத்தான் கண்காட்சிக்கு வைத்த மாதிரி ஜொலித்தது. "அம்மா, பைன்ஸ் நஹாகே வந்துருச்சு!" என்று குதித்தாள் வித்யா. எருமை குளித்துவிட்டு வந்துவிட்டதாம்!

திங்கட்கிழமை பதினோரு மணிக்கு இன்ஜினியர் வந்தார். ரோத்தக் பக்கத்து ஹரியானாக்காரர். ஆறடி உயரம், அக்குளில் ஃபைல். நான் லீவு போட்டிருந்தேன். குழந்தைகள் பள்ளிக்கூடம் போகமாட்டோம் என்று அடம்பிடித்து நின்றன. கீழ்வீட்டுக்காரரும் லீவு போட்டிருந்தார். இன்ஜினியர் சுவரையே முறைத்தார்.

"யே க்யா ஹை?" இது என்ன?

"பைன்ஸ் ஹை சாப்" என்றார் அக்கா, கையைக் கட்டிக்கொண்டு.

"பைன்ஸ்? இதுவா?" அவர் முகம் சிவந்தது. "பைன்ஸுக்குக் கொம்பு இப்படியா இருக்கும்?"

அக்கா நிமிர்ந்தார். அவ்வளவு நேரம் ஒடுங்கி நின்றவருக்கு எங்கிருந்துதான் வந்ததோ! "ஹமாரா ஊர் மே ஐசாதான் ஹை சாப்! பின்னாடி ஜாயேகா!" எங்கள் ஊரில் கொம்பு பின்பக்கமாகத்தான் போகுமாம்.

"என் வீட்டில் ஆறு எருமை நிற்கிறது. எனக்குச் சொல்லித் தருகிறீர்களா? கொம்பு ஜிலேபி மாதிரி சுருண்டிருக்க வேண்டும், ஜிலேபி!" என்று இந்தியில் இரைந்தார் இன்ஜினியர். சுற்றிலும் பார்த்தார். வித்யா கையிலிருந்த கிரேயானை வாங்கினார். ஃபைலை என்னிடம் கொடுத்தார். இரண்டு படி மேலே ஏறி, நாக்கைக் கடித்துக்கொண்டு, மஞ்சள் கொம்புகளுக்கு மேலேயே ஊதாவில் சுற்றினார், சுற்றினார், அப்படிச் சுற்றினார். இரண்டு அருமையான ஜிலேபிகள். பின்னால் வந்து தலையைச் சாய்த்து ரசித்தார். "அப் டீக் ஹை." இப்போது சரி.

"அங்கிள்," என்றாள் வித்யா, "ஆப்னே பீ தீவார் பே பனாயா!" நீங்களும் சுவரில் வரைந்துவிட்டீர்களே!

இன்ஜினியர் தன் ஊதா விரல்களைப் பார்த்தார். சுவரைப் பார்த்தார். என்னிடமிருந்து ஃபைலை வாங்கி, அங்கேயே நின்று ஒரு வரி எழுதினார். பிறகு அதை உரக்கப் படித்தார். அந்த இந்திக்குத் தமிழில் இப்படி அர்த்தம்: "சுவரைப் பார்வையிட்டேன். தேவையான திருத்தம் செய்யப்பட்டது."

ஒரு வார்த்தை பொய்யில்லை! எதிர்வீட்டு பஞ்சாபி அம்மாள் அவரை உட்காரவைத்து மூன்று பராத்தா போட்டாள்.

கீழ்வீட்டுக்காரர் மட்டும் சுவரடியில் நின்றுகொண்டிருந்தார். அக்கா அவரிடம் போனார். "சார், அந்தக் கண்ணாடிய வேணும்னா சொரண்டி எடுத்துருதேன். பிள்ளைக தெரியாம செஞ்சிட்டு."

அவர் தன் கண்ணாடியைக் கழற்றி எருமைக்குப் பக்கத்தில் பிடித்துப் பார்த்தார்.

"இருக்கட்டும்மா," என்றார். "ஆனா ஃப்ரேம் பத்தாது. என்னோடது இன்னும் தடிமன்."

குழந்தைகள் கறுப்பு கிரேயானுக்காக மாடியேறி ஓடினார்கள்.

இரண்டாயிரத்துச் சொச்சத்தில் அக்கா ரிட்டயராகித் திருநெல்வேலிக்குப் போனார். ஸ்டேஷனுக்கு நாங்கள் எல்லோருமே போயிருந்தோம். அழவெல்லாம் இல்லை, பெட்டி ஏற்றுகிற அவசரத்தில் அதற்கு நேரமே கிடைக்கவில்லை. அடுத்த ஞாயிறு காலை மேல்வீட்டில் நாற்காலி இழுக்கிற சத்தம் கேட்டது. புதிதாகக் குடிவந்தவர்கள். நான் அக்காவுக்கு ஒன்று, எனக்கு ஒன்று என்று இரண்டு டம்ளரில் காபி கலந்து, எடுத்துக்கொண்டு பாதிப் படி ஏறிவிட்டேன்.